நிக்கோபாரில் வெட்டி ஹரியானாவில் நட்டால் காடு திரும்புமா?

பெருந்திட்டங்களில் அழியும் பல்லுயிருக்கு ஈடு கட்டிவிடலாம் என்கிறது சட்டம். எதற்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை என்பதைத்தான் அது சொல்ல மறுக்கிறது.

டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் கிரேட் நிக்கோபார் தீவின் தென்பகுதியில், கலத்தியா ஆறு கடலில் சேரும் இடத்தில், அலையிலிருந்து ஒரு பெரிய உருவம் மெல்ல எழுந்து மணலில் ஏறும். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. ஓடு இருக்க வேண்டிய இடத்தில் தோல் போர்த்திய முதுகு. அதில் தலை முதல் வால் வரை ஓடும் ஏழு மேடுகள். தமிழகக் கரைகளில் இதை ஏழுவரி ஆமை என்றும் தோணி ஆமை என்றும் சொல்வார்கள். உலகின் கடலாமைகளில் இதுவே பெரியது. பின்துடுப்புகளால் மணலை அள்ளி அள்ளி வீசி, முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் குழி பறித்து, முட்டையிட்டு மூடி, இடம் தெரியாதபடி மணலைக் கலைத்துவிட்டு விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். கரையை ஒட்டிய காட்டுக்குள் மெகபோட் என்ற பறவை மணலையும் இலைச்சருகையும் காலால் குவித்து மேடு கட்டி வைத்திருக்கும். அது அடைகாப்பதில்லை. மக்கும் சருகின் வெப்பமே முட்டையைப் பொரிக்கிறது. குஞ்சு தானே மேட்டைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து, தாயைப் பார்க்காமலே பிழைத்துக்கொள்கிறது. இந்த மணல், இந்தச் சருகு, இந்த ஈரம் மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பிழைப்பு நடக்கும்.

இந்தக் கரையில்தான் பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரப்போகிறது. கூடவே ஒரு விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபோது திட்ட மதிப்பு சுமார் 72,000 கோடி ரூபாய். திட்டத்துக்குக் கேட்ட 166 சதுர கிலோமீட்டரில் 130.75 சதுர கிலோமீட்டர் காடு. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெறும் அந்தப் பசுமைமாறாக் காட்டுக்கு ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அதில் ஐந்தில் ஒரு பங்கு மழைகூடக் காணாத ஹரியானா.

நிக்கோபாரில் இருக்கும் உயிர்களில் ஒன்றுகூட ஹரியானாவில் குடியேறப்போவதில்லை என்று அனுமதி கொடுத்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தே ஒப்புதல் தர முடிந்தது என்றால், சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அழிவைத் தடுக்க வந்த ஏற்பாடு, அழிவுக்கு அனுமதிச் சீட்டாக எப்படி மாறியது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கிரேட் நிக்கோபார் அதன் உச்சம். ஆனால் அதே ஏற்பாடுதான் நாட்டின் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அணைக்கும் நெடுஞ்சாலைக்கும் இன்று நடைமுறையில் இருக்கிறது.

கூடலூரில் தொடங்கிய வழக்கு

காட்டை வேறு பயனுக்குத் திருப்ப மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம். ஒப்புதல் பெறுகிறவர், ஈடாக வேறு நிலம் தந்து மரம் வளர்க்கப் பணமும் கட்ட வேண்டும் என்பது அதன் கீழ் வந்த நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமும் மரமும் வரவில்லை. இந்த நிலையை உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தது நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடு. அங்கே நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட வழக்கு, 1996 டிசம்பர் 12 அன்று நாடு முழுமைக்குமான உத்தரவாக விரிந்தது. யார் பெயரில் இருந்தாலும் காடு காடே என்றது நீதிமன்றம். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் காட்டின் 'நிகர நடப்பு மதிப்பு' என்ற தொகை பிறந்தது. காட்டின் வகையையும் அடர்த்தியையும் பார்த்து ஹெக்டேருக்கு இவ்வளவு என்று விகிதம் வைத்தார்கள். சேர்ந்த பணத்தை நிர்வகிக்க 2016இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. காம்பா நிதி என்று வனத்துறையில் சொல்வது இதைத்தான்.

நீதிமன்றத்தின் நோக்கத்தில் குறை காண முடியாது. இலவசமாகக் கிடைத்த காட்டுக்கு விலை வைத்தால் கேட்கிறவர் யோசிப்பார், குறைவாகக் கேட்பார் என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்த விலை உண்மையில் யாரையும் யோசிக்க வைக்கும் அளவில் இருக்கிறதா? 2022இல் உயர்த்தப்பட்ட விகிதத்தில் மிக உயர்ந்த வகைக் காட்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 16 லட்சம் ரூபாய். கிரேட் நிக்கோபாரின் 13,075 ஹெக்டேருக்கும் இந்த உச்ச விகிதத்தையே போட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய 2,100 கோடிதான் வரும். 72,000 கோடித் திட்டத்தில் அது மூன்று சதவீதத்துக்கும் கீழே. எந்த ஒப்பந்ததாரரும் திட்டச் செலவு ஏற்றத்தில் இதைவிடக் கூடுதலாக விழுங்கிவிடுவார். காட்டைத் தொடாமல் இருக்க மாற்று வழி தேடுவதைவிடத் தொகையைக் கட்டிவிடுவது எளிது என்ற நிலையைத்தான் இந்த விலை உண்டாக்கியிருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: எண்களில் ஈடு ▪
• 2006 முதல் 2012 வரை திருப்பப்பட்ட காட்டுக்கு ஈடாக வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம்: 1,03,382 ஹெக்டேர். வந்தது: 28,086 ஹெக்டேர், அதாவது 27 சதவீதம். அதில் மரம் நடப்பட்டது: 7,281 ஹெக்டேர். (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2013)
• 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு மத்திய அரசு கைமாற்றிய ஈடுசெய் நிதி: சுமார் 47,436 கோடி ரூபாய்.
• இந்த நிதியில் மாநிலங்களுக்கு 90 சதவீதம், மத்திய அரசுக்கு 10 சதவீதம்.
• மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடுள்ள மாநிலமோ ஒன்றியப் பிரதேசமோ, 20 சதவீதத்துக்குக் குறைவான காடுள்ள மாநிலத்தில் ஈடு செய்யலாம் என்றது 2022 விதி. நிக்கோபாருக்கு ஹரியானா வந்த வழி இது.

மரத்தின் எண்ணிக்கையும் காட்டின் கணக்கும்

தணிக்கை அறிக்கையின் எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். கிடைத்திருக்க வேண்டிய நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்கில்தான் மரம் நடப்பட்டது. நட்டதில் எத்தனை பிழைத்தது என்பது அதற்கும் அடுத்த கேள்வி. நிலம் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கும் பெரிய நிலம் என்று எதுவும் இல்லை. வருவாய்த் துறை 'தரிசு' என்று எழுதி வைத்த இடத்தில் ஆடு மேயும், ஊர் விறகு பொறுக்கும், மானும் நரியும் திரியும். அதனால் ஏற்கெனவே காடாக இருந்து அடர்த்தி குறைந்த இடத்தையே ஈட்டுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஒரு காடு அழிகிறது, இன்னொரு காட்டில் செடி நடப்படுகிறது. மொத்தத்தில் காட்டின் பரப்பு குறைந்துதான் போகிறது. ஆனால் கோப்பில் இரண்டும் சமன்.

நடுவதே தீங்காக முடியும் இடங்களும் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளுக்கு நடுவே விரிந்து கிடந்த புல்வெளிகளை 'மரமில்லாத வெறும் நிலம்' என்று எண்ணி, சீகையையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். மழை நீரை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குக் கோடையிலும் விட்டுத்தந்த புல்வெளி மறைந்தது. வரையாடு மேய்ச்சல் இழந்தது. இன்று தமிழக அரசு பணம் செலவழித்து அந்த அயல் மரங்களை அகற்றிக்கொண்டிருக்கிறது. பல்லுயிர் என்றால் மரம், மரம் என்றால் பச்சை என்ற பிழையான எண்ணத்துக்கு நம் மலைகள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டன. 2024இல் மத்திய அரசு அறிவித்த 'பசுமை வரவு' முறையும் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்ற அடர்த்தியிலிருந்தே தொடங்கியது. புதர்க்காடும் புல்வெளியும் அந்த அடர்த்தியைத் தாங்கும் இயல்புடையவை அல்ல என்பதைச் சூழலியலாளர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள்.

ஹரியானாவுக்கு வருவோம். அதன் பரப்பில் காடு நான்கு சதவீதம்கூட இல்லை. அங்கே காடு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. தென் ஹரியானாவின் ஆரவல்லிக் குன்றுகள் டெல்லியின் காற்றையும் நிலத்தடி நீரையும் காக்கும் கடைசி அரண். அந்தக் குன்றுகளுக்கு இயல்பானது முள்காடும் புதரும். பல இடங்களில் அவற்றையும் நம் ஊரை ஆட்டிப்படைக்கும் அதே சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது. ஈடாகக் கிடைக்கும் பணத்தில் இயல்பான காடு மீண்டால் ஹரியானாவுக்கு நல்லது. நிக்கோபாருக்கு அதில் என்ன இருக்கிறது? மகேந்திரகர் மாவட்டத்தில் ராஜாவாஸ் என்ற கிராமத்தின் குன்று, நிக்கோபாருக்கான ஈட்டின் பகுதியாகப் பாதுகாக்கப்பட்ட காடு என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அதே குன்று கல் குவாரிக்கும் ஏலம் போனதால் ஊர்மக்கள் எதிர்த்து நிற்க வேண்டி வந்தது. அழிவதற்குப் பதிலாகக் காட்டப்பட்ட இடத்தையும் காக்க இன்னொரு போராட்டம் தேவைப்படுகிறது.

மர எண்ணிக்கையும் நம்பும்படியாக இல்லை. நிக்கோபாரில் வெட்டப்படக்கூடிய மரங்கள் முதலில் எட்டரை லட்சம் என்றார்கள். பிறகு நாடாளுமன்றத்தில் 9.64 லட்சம் என்ற எண் வந்தது. திட்ட நிலத்தில் சரிபாதி பசுமையாகவே விடப்படும் என்கிறது அரசு. அப்படியே எடுத்துக்கொண்டாலும், மீதிப் பாதியில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது மரம்தான் வருகிறது. வெப்பமண்டல மழைக்காட்டின் ஒரு ஹெக்டேரில் ஓரளவு பருத்த மரங்களை மட்டும் எண்ணினாலே நானூறு, ஐந்நூறு தேறும். கொடிகள், பெரணிகள், ஆர்க்கிடுகள், மண்ணுக்குள் வேரோடு பின்னிய பூஞ்சைகள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. இழப்பையே சரியாக எண்ணாத இடத்தில் ஈடு சரியாக இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பவளத்தைப் பெயர்த்து நடலாமா?

காட்டுக்கு ஹரியானா என்றால், கடலுக்கு வேறு விதமான ஈடு. கலத்தியா விரிகுடாவிலும் சுற்றியும் உள்ள 20,668 பவளக் கூட்டங்களில் 16,150ஐப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது திட்டம். மீதி 4,518இன் கதி என்ன என்று எதுவும் சொல்லப்படவில்லை என்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2023 ஏப்ரல் உத்தரவில் குறிப்பிட்டது. மூன்று பருவங்களில் எடுக்க வேண்டிய தரவு ஒரே பருவத்தில் எடுக்கப்பட்டதையும் அது கவனித்தது. ஆனாலும் அனுமதியில் தலையிடாமல், உயர்மட்டக் குழு ஒன்று மறுபடி பார்க்கட்டும் என்று விட்டுவிட்டது. சிறு அளவில் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அது சிதைந்த திட்டைத் தேற்றும் வேலை. உயிரோடு இருக்கும் திட்டையே பெயர்த்துத் துறைமுகத்துக்கு இடம்விடுவது முற்றிலும் வேறு வேலை. புதிய இடம் நன்றாக இருந்தால் அங்கே ஏற்கெனவே பவளம் இருக்கும். இல்லாவிட்டால், இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கும். கடல் சூடாகி வெளிறும் ஆண்டுகள் அடிக்கடி வரும் காலத்தில், பிடுங்கி நட்ட பவளம் அந்த அடியையும் தாங்க வேண்டும்.

ஆமைக்கும் மெகபோடுக்கும் சரணாலயங்கள் ஈடாகத் தரப்பட்டன. லிட்டில் நிக்கோபாரில் ஏழுவரி ஆமைக்கு ஒன்று, மெஞ்சல் தீவில் மெகபோடுக்கு ஒன்று, மெரோ தீவில் பவளத்துக்கு ஒன்று. இந்த இடங்களில் அந்த உயிர்கள் ஏற்கெனவே வாழ்கின்றன. புதிதாக ஒரு கூடும் சேரவில்லை, புதிதாக ஒரு அபாயமும் நீங்கவில்லை. இருப்பதற்குப் பலகை மாட்டுவது காப்பு நடவடிக்கையாக இருக்கலாம். இழந்ததற்கு ஈடாக முடியாது. கலத்தியா விரிகுடாவும் 1997 முதல் சரணாலயமாகத்தான் இருந்தது. 2021 ஜனவரியில் அந்தத் தகுதியை நீக்கினார்கள். அடுத்த சில வாரங்களிலேயே மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கடலாமைச் செயல் திட்டம் அதே கரையை முக்கிய வாழிடமாகக் குறித்தது. ஒரு சரணாலயத்தைத் தேவைப்படும்போது கலைக்கலாம் என்றால், ஈடாக வரும் மூன்று சரணாலயங்களுக்கு என்ன உத்தரவாதம்?

இந்தச் சரணாலயங்களின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பது இன்னும் வருத்தமானது. மெரோ, மெஞ்சல் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் லிட்டில் நிக்கோபார் நிக்கோபாரிகளின் மரபு வழிப்பட்ட உடைமை. எப்போது போகலாம், எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்கே விதிமுறைகள் உண்டு. அந்த விதிகளால்தான் அங்கே மெகபோடும் ஆமையும் மிஞ்சின. அவர்களைக் கேட்காமலே சரணாலயம் அறிவிக்கப்பட்டதாக அவர்களின் மன்றம் ஆட்சேபம் எழுப்பியது. கிரேட் நிக்கோபாரின் நிக்கோபாரிகளோ 2004 சுனாமியில் மேற்கு, தெற்குக் கரைகளிலிருந்த மூதாதை ஊர்களை இழந்து, நிவாரணக் குடியிருப்பில் இருந்தபடி, திரும்பிப் போக அனுமதி கேட்டுவருகிறவர்கள். திட்டத்துக்குத் தந்த ஒப்புதலை அவர்களின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரிலேயே திரும்பப் பெற்றுவிட்டது. காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் இருநூறு முதல் முந்நூறு பேர் இருக்கலாம். இன்று எட்டாயிரம் பேர் வாழும் தீவில் நாளை மூன்றரை லட்சம் பேர் குடியேறலாம் என்கிறது திட்டம். வெளியாரின் நோய்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாத அந்தச் சிறு குழுவுக்கு எந்த நாட்டில், எந்த ஹெக்டேரில் ஈடு தேடுவது?

▪ பெட்டிச் செய்தி: கிரேட் நிக்கோபார் ▪
• பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். 2013 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில்.
• 2004 சுனாமியில் தீவின் தென்முனை சுமார் நான்கு மீட்டர் தாழ்ந்தது.
• துறைமுகத்தின் இறுதித் திறன்: ஆண்டுக்கு 1.42 கோடி பெட்டகங்கள்.
• திட்டப் பகுதியில் பதிவான 51 மெகபோட் கூட்டு மேடுகளில் சுமார் 30 நிரந்தரமாக அழியும். மெகபோட் தணிப்புத் திட்டப் பொறுப்பில் கோவை சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது.
• கேம்ப்பெல் பே குடியேற்றம் 1969இல் தொடங்கியது. முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழகத்தவரும் உண்டு.

'நாடு வளர வேண்டாமா?'

இந்த இடத்தில் எழும் ஆட்சேபங்கள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. இந்தியாவுக்கு வரும், இந்தியாவிலிருந்து போகும் சரக்கில் நடுவழியில் கப்பல் மாற்றப்படுவதன் பெரும்பகுதி கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கிளாங்கிலும் கைமாறுகிறது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் தடம் கிரேட் நிக்கோபாருக்கு மிக அருகில் ஓடுகிறது. வங்கக் கடலில் சீனாவின் நடமாட்டம் கூடிவருகிறது. இத்தனையும் உண்மை. ஆனால் பாதுகாப்புக்கு என்று கேம்ப்பெல் பேயில் 2012 முதல் கடற்படையின் விமானத் தளம் இயங்குகிறது. அதை வலுப்படுத்துவதற்கும் மூன்றரை லட்சம் பேருக்கு நகரம் கட்டுவதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பாதுகாப்பு வாதம் விளக்குவதில்லை. சரக்குக்கு என்றால், இயற்கையாகவே ஆழமான விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, பெரிய பெட்டகக் கப்பல்களைக் கையாண்டுவருகிறது. இரண்டாவது மையம் தேவைதானா, தேவை என்றால் அது கலத்தியா விரிகுடாவில்தான் அமைய வேண்டுமா என்ற கேள்விகள் அனுமதிக்கு முன்பே தீர வேண்டியவை. தவிர்க்க முடியுமா என்று பார்த்து, முடியாவிட்டால் குறைத்து, கெட்டதைச் சீர்செய்து, அதற்கும் மிஞ்சியதற்கு மட்டுமே ஈடு என்பதுதான் உலகெங்கும் ஒப்புக்கொண்ட வரிசை. நம் அனுமதிக் கோப்புகளில் கடைசிப் படி முதல் படியாகிவிடுகிறது.

இன்னொரு வாதம்: 'சுனாமியில் கலத்தியா மணல்மேடு முழுக்கப் போனது, ஆமைகள் திரும்பி வரவில்லையா? இயற்கை தாங்கிக்கொள்ளும்.' திரும்பி வந்தன. அலையும் ஆறும் மணலை மறுபடி கொண்டுவந்து கொட்ட இடம் இருந்ததால் வந்தன. அலைதடுப்புச் சுவரும் தூர்வாரும் கப்பலும் இரவெல்லாம் எரியும் விளக்கும் அந்த வாய்ப்பை நிரந்தரமாக மூடிவிடும். லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஏழுவரி ஆமைகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை நோக்கியும் ஆப்பிரிக்கா நோக்கியும் பல்லாயிரம் கிலோமீட்டர் போனது பதிவாகியிருக்கிறது. இவ்வளவு தூரம் போய் முட்டையிடும் பகுதிக்கு மீண்டு வரும் உயிர், வந்து சேரும் கரைகளில் ஒன்றை இழந்தால் அதன் விளைவு அந்தத் தொலைதூரக் கடல்கள் வரை தெரியும்.

ஈடு எங்குமே வேலை செய்யாது என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. மடகாஸ்கரில் அம்பாடோவி நிக்கல் சுரங்கம் சுமார் இரண்டாயிரம் ஹெக்டேர் காட்டை அழித்தது. அதற்கு ஈடாக, வேறு இடங்களில் வேளாண்மைக்காக வேகமாக அழிந்துகொண்டிருந்த காடுகளைக் காக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அங்கே அழிவின் வேகம் உண்மையாகவே குறைந்து, இழந்த பரப்புக்கு ஏறக்குறைய சமமான காடு தப்பியது என்று 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இந்த வெற்றியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதே நாட்டில், அதே வகைக் காட்டில், கண்முன் அழிந்துகொண்டிருந்த இடத்தில், அளந்து சரிபார்க்கக்கூடிய முறையில் செய்ததால் அது நடந்தது. அப்படியும் அந்தக் காடுகளை நம்பிப் பயிரிட்ட ஏழைக் குடும்பங்கள் மீதே சுமை விழுந்தது. உலகெங்கும் நடந்த ஈட்டுத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த 2019 ஆய்வில், இழப்பைச் சமன் செய்ததாகச் சொல்லக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவையும் பெரும்பாலும் சதுப்பு நிலங்கள். அளவுகோலும் பெரும்பாலும் பரப்புதான், உயிரினங்கள் அல்ல.

பணக்கார நாடுகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பல்லுயிர் வரவுச் சந்தையே அமைத்தார்கள். எந்த இனம் அழிகிறதோ அதற்கான வரவு சந்தையில் கிடைக்காதபோது, கட்டுமான நிறுவனம் ஒரு நிதியில் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைத் தொடரலாம் என்று வழி வைத்தார்கள். நிதியில் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தால் வாங்கக் காடு இல்லை. மாநிலத்தின் தணிக்கைத் தலைவர் 2022இல் கடுமையாகச் சாடிய பிறகு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல், பெரிய கட்டுமானங்கள் பல்லுயிரைப் பத்து சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும், அதை முப்பது ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் நமக்குப் பாடமாகும் ஒரு பகுதி அதில் இருக்கிறது. தொன்மையான காடு, பழம்பெரும் மரங்கள், கடற்கரை மணற்குன்று, சிலவகைச் சதுப்பு ஆகியவற்றை மாற்றீடு இல்லாத வாழிடம் என்று தனியே பட்டியலிட்டு, வழக்கமான ஈட்டுக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் வேண்டிய பட்டியல்

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அனுமதி தருகிறவரிடம் இருந்தால் மட்டுமே ஈடு என்பதற்கு அர்த்தம் இருக்கும். எந்த இடத்துக்கும் ஒரு தொகை உண்டு, எந்த உயிருக்கும் ஒரு மாற்றிடம் உண்டு என்று தொடங்கினால், பேச்சு தொகையைப் பற்றித்தான் முடியும். ஆகவே நம் வனச் சட்டத்துக்கு முதலில் வேண்டியது, ஈட்டுக்கே இடமில்லாத இடங்களின் பட்டியல். ஓரிடத்தில் மட்டுமே வாழும் இனங்களின் இருப்பிடம், முட்டையிடும் கரை, உயிருள்ள பவளத்திட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலையும் புல்வெளியும், வெளியுலகத் தொடர்பை விரும்பாத பழங்குடிகளின் நிலம் ஆகியவை அதில் வர வேண்டும். அந்தப் பட்டியலைத் தனித்தனித் திட்டம் வரும்போது எழுதக்கூடாது. திட்டம் எதுவும் மேசையில் இல்லாத நேரத்தில், நாடாளுமன்றத்தில் விவாதித்து எழுத வேண்டும். சரணாலயத் தகுதியை நீக்கவும் அதே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்றாக்க வேண்டும்.

பட்டியலுக்கு வெளியே உள்ள காட்டுக்கு ஈடு தொடரட்டும். ஆனால் அழிக்கும் முன் வளர்த்துக் காட்ட வேண்டும். செடி நட்ட ரசீது அதற்குப் போதாது. அதே உயிரியல் மண்டலத்தில், அதே வகை வாழிடத்தில் இருக்க வேண்டும். அங்கே நிலத்தைப் பயன்படுத்தும் மக்களின் கிராம சபை ஒப்புக்கொள்ள வேண்டும். காம்பா நிதியில் ஒவ்வொரு இடமும் செயற்கைக்கோள் படத்தோடு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இப்படிச் செய்தால் திட்டங்கள் தாமதமாகும், செலவு கூடும் என்பார்கள். கூடும். காட்டின் விலை என்று இத்தனை நாள் மறைத்து வைத்ததன் ஒரு பகுதி அப்போதுதான் கணக்கில் ஏறும். அந்த விலையைப் பார்த்து ஒரு சுரங்கமோ சாலையோ வேறு பாதை தேடினால், 1996இல் உச்ச நீதிமன்றம் விரும்பியது முப்பது ஆண்டு கழித்தாவது நடக்கும்.

கிரேட் நிக்கோபாரைப் பொறுத்தவரை உடனே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. தீர்ப்பாயம் அமைத்த உயர்மட்டக் குழு என்ன கண்டது என்பதைப் பாதுகாப்பு என்ற போர்வையில் மூடாமல் வெளியிடலாம். பவளமும் ஆமையும் மெகபோடும் படையின் இரகசியங்கள் அல்ல. மூன்று பருவத் தரவை எடுக்கலாம். மூதாதை ஊர்களுக்குத் திரும்ப நிக்கோபாரிகள் வைத்த கோரிக்கைக்குப் பதில் சொல்லலாம், திரும்பப் பெற்ற ஒப்புதலைத் திரும்பப் பெற்றதாகவே மதிக்கலாம். இவை முடியும்வரை கலத்தியா விரிகுடாவில் ஒரு மரமும் விழாதபடி ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு இன்றும் இருக்கிறது.